பட்டினப்பாக்கத்துப் பச்சைத் தண்ணீர்

விமானம் சென்னையில் இறங்கும்போது என் மடியில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்தது. உள்ளே ஊறுகாய் இல்லை. முக்கால்வாசி மழைத்தண்ணீர், அதற்குள் ஒரு பிலிம் ரோல்.

சுங்க அதிகாரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குலுக்கினார். உள்ளே ரோல் கண்ணாடியில் முட்டி 'டொக்' என்றது.

"என்னம்மா இது? லேகியமா?"

"பிலிம் சார். கடலுக்குள்ள எடுத்தது. கேமராவுக்குள்ள தண்ணி போயிடுச்சு. காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கழுவற வரைக்கும் நல்ல தண்ணிலயே வச்சிருக்கணும்."

"தண்ணியக் கொட்டிட்டு ரோல மட்டும் எடுத்துட்டுப் போங்களேன்."

கொட்டினால் படம் போய்விடும் என்று மறுபடி சொன்னேன். "என்ன படம்?" என்றார். மீன், நத்தை, பவளம் என்றேன். யாருக்கு என்றார். அம்மாவுக்கு என்றதும் பாட்டிலை என் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போய் எனக்கு அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சுற்றுலாப் பயணிகளுக்கு முக்குளிக்கக் கற்றுத்தரும் இடம் ஒன்று எங்கள் தீவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலில் வேடிக்கை பார்க்கப் போனேன். பிறகு காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கக் கற்றேன். ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர் தன் பழைய நீருக்கடிக் கேமராவை எனக்கு விட்டுப்போனார்.

அம்மா என்னைவிட நீண்ட காலம் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவள். பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் விரிவுரையாளர், இருபத்தெட்டு வருடம். சுறாவை அறுத்துக் காட்டிவிட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் சமையலறைக்குள் நுழைவாள். அவள் கையாண்டதெல்லாம் பாட்டிலுக்குள் ஃபார்மலினில் கிடந்தவை. ஃபார்மலின் நிறத்தைத் தின்றுவிடும். ஓடில்லாத கடல் நத்தை என்று ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்போது அதைவிட அழகாக உடுத்திய பிராணி கடலில் இல்லை. அவள் பாட்டிலில் இருந்தது வெந்த மைதா உருண்டை மாதிரி இருக்கும்.

முந்தைய வருடம் அம்மாவின் இடது கண் போய்விட்டது. கண்ணில் அழுத்தம். வலது கண்ணிலும் ஓரங்கள் இருட்டிக்கொண்டு வருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து விட்டால் இருப்பது இருக்கும், எத்தனை நாள் என்று கேட்காதீர்கள் என்றாராம். அதை அம்மா கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில், கேஸ் சிலிண்டர் வந்ததற்கும் மாடி வீட்டுக்காரர் காலி செய்ததற்கும் நடுவில் எழுதியிருந்தாள்.

நான் எட்டு வெள்ளிக்கிழமை இறங்கினேன். ஒரே ஸ்லைடு ரோல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வகை, முப்பத்தாறு படம். எட்டாவது வாரம், கேமராவை மூடும் ரப்பர் வளையத்தில் என் தலைமுடி ஒன்று குறுக்கே கிடந்ததை நான் பார்க்கவில்லை. பதினைந்து மீட்டர் ஆழத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். கேமரா அன்றோடு முடிந்தது. நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து வந்த ஆட்டோ சைதாப்பேட்டைப் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியபோது பாட்டில் மூடி இளகி, என் புடவை நனைந்தது. "நிறுத்துங்க நிறுத்துங்க" என்று கத்தினேன். பெட்டிக்கடையில் பாக்கெட் தண்ணீர் வாங்கிப் பாட்டிலில் ஊற்றியதை ஆட்டோக்காரர் திரும்பி உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள உசுரு எதுனா கீதா?"

"இல்ல. படம்."

"படத்துக்கா தண்ணி காட்டற?" என்றார். மயிலாப்பூர் வரும்வரை பள்ளங்களில் மெதுவாகவே ஓட்டினார்.

அம்மா கதவைத் திறந்ததும் முதலில் பாட்டிலைத்தான் பார்த்தாள். அதாவது, பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். சிறு வயதிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை அவளுக்கு. எட்ட இருப்பது எல்லாம் புகை. மூக்கு நுனிக்கு வந்துவிட்டால் எறும்பின் காலையும் எண்ணுவாள். பாட்டிலில் என்ன என்று சொன்னேன்.

"ராத்திரி தண்ணி மாத்தணுமோ? நம்மாத்து கெணத்துத் தண்ணி வேண்டாம், உப்பு. லாரித் தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன், அத விடு" என்றாள். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டாள். ஐந்து வருடமாக சூரை மீன் வாசனைக்கு நடுவில் தேங்காய்ச் சோறும் பருப்பும் தின்று வாழ்கிறவளுக்கு அந்த முதல் கவளம் எப்படி இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் தி. நகர். பாண்டி பஜாரில் முதல் ஸ்டுடியோவில் இருந்த பெண், ஸ்லைடு எல்லாம் இங்கே கழுவுவதில்லை என்றாள். இரண்டாவதில் கழுவுவார்களாம். ஆனால் மேலாளர் பாட்டிலைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "உப்புத்தண்ணி பட்ட பிலிமா? மிஷினுக்குள்ள போனா மருந்து மொத்தமும் கெட்டுடும் மேடம். கல்யாண ரோல் இருபது வரிசைல நிக்குது." மூன்றாவது கடையில் ஒரு வயதானவர் மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் முகவரி எழுதினார். "அடையாறுல ஜெயராஜுன்னு ஒருத்தர். டாக்டருங்க ஆபரேஷன் ஸ்லைடெல்லாம் கையாலயே கழுவுவார். போய்க் கேட்டுப் பாருங்க."

பசி. சாம்பார் வடை சாப்பிட ஒரு ஓட்டலில் உட்கார்ந்தேன். பாட்டிலை மேஜையில் வைத்ததும் பரிமாறுபவர் அதைத் தள்ளிவைத்து, "வெளி ஊறுகாய் அலவ் பண்றதில்ல மேடம்" என்றார். பக்கத்து மேஜையில் தலையில் முக்காடிட்ட இரண்டு பெண்கள். காதில் விழுந்தது திவேஹி மொழி. வைத்தியத்துக்காக வந்திருக்கும் மாலத்தீவுக்காரர்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "நாலு நாளாகிவிட்டது, இன்னும் கடலைப் பார்க்கவில்லை. கேட்டால் எல்லாரும் கையை ஆட்டி அந்தப் பக்கம் என்கிறார்கள். கடல் இருக்கும் ஊர் மாதிரியே இல்லை." நான் அவர்கள் மொழியிலேயே வழி சொன்னேன். ஆச்சரியப்பட்டு, பாட்டிலில் என்ன என்று கேட்டார்கள். சொன்னதும் மூத்தவள் ஏதோ முணுமுணுத்துப் பிரார்த்தித்தாள். அதுவரை அந்தப் பாட்டிலை வேடிக்கையாகப் பார்க்காத இருவர் அவர்கள்தான்.

ஜெயராஜின் இருட்டறை ஒரு பழைய கார் ஷெட். ஐம்பது வயதிருக்கும், விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன. பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளா ஊறுது?"

"அஞ்சு."

"நாளைக்கு வாங்கன்னு சொன்னா ஆறாயிடும். இப்பவே போடறேன். நீங்களும் உள்ள வாங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என் கையால ஆகலைன்னு தெரியணும் உங்களுக்கு."

விளக்கை அணைத்தார். நான் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நின்றேன். ரோலின் தலை திறக்கும் சத்தம். பிறகு ஈரப் பிலிம் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் ஒரு மெல்லிய சத்தம். அந்தச் சத்தம் நடுநடுவே நின்றது. "ஒட்டியிருக்கு," என்றார் இருட்டுக்குள்ளிருந்து. கொஞ்சம் கழித்து, "வருது." அப்புறம் மருந்து ஊற்றும் சத்தம் கேட்டது.

காயவைத்து, வெட்டி, சட்டம் போட்டு, இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். முப்பத்தாறில் பதினொன்றில் ஏதோ தெரிந்தது. நான்கில்தான் இன்னதென்று சொல்லலாம். நத்தை படம் அதில் ஒன்று. விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். உருவம் அச்சாக விழுந்திருந்தது. கொம்புகள், முதுகில் செவுள் கொத்து, மடிந்த ஓரம் எல்லாம். ஆனால் உடம்பு செங்கல் தூள் நிறத்தில் இருந்தது. ஓரமெல்லாம் பாசி பிடித்தது போல ஒரு பச்சை.

"நிறம் பொரண்டுடுச்சும்மா. உப்பு உள்ள ஏறிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. உருவம் நின்னதே பெரிசு," என்றார். அவர் முகத்தில் என்னைவிட வருத்தம்.

வீட்டில் அம்மா ஜன்னலோரம் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி, ஸ்லைடை வலது கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்தாள். அவளுக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. உதடு அசைந்தது. பாகங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வகுப்பில் சொல்வது போல. பிறகு கேட்டாள்:

"இதோட நெஜக் கலர் இதுதானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"இல்லம்மா."

"அப்போ நீ சொல்லு. எப்படி இருந்தது?"

"டிசம்பர் பூ கலர். நல்லா அடர்த்தியா. ஓரம் மட்டும் மஞ்சள், பாவாடைக்குக் கரை கட்டினாப்ல. கொம்பு ரெண்டும் ஆரஞ்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "பசங்க வருஷா வருஷம் கேக்கும், மேடம் இது என்ன கலர்னு. நான் புஸ்தகத்துல போட்டிருக்கறதச் சொல்லுவேன். இப்பவும் யாராவது சொல்லித்தான் தெரிஞ்சுக்கறேன் பாரு," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். கல்லூரியிலிருந்து மண்டபம் பக்கம் பவளத்தீவுக்குக் கூட்டிப்போகும் பயணத்துக்கு அவள் மூன்று தடவை பெயர் கொடுத்திருக்கிறாள். முதல் தடவை கல்யாணம் நிச்சயமானது. இரண்டாவது தடவை, பெட்டி கட்டியாகிவிட்ட பிறகு, எனக்கு அம்மை போட்டது. மூன்றாவது தடவை அப்பாவுக்கு நெஞ்சு வலி. அப்புறம் பெயர் கொடுக்கவில்லை. இளையவர்கள் போகட்டும் என்று விட்டுவிட்டாளாம்.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"அம்மை போட்டதுக்கு உன்ன கோச்சுக்க முடியுமா?" என்றாள். பிறகு, "ஏன்டி, இங்க நம்ம கடல்ல ஒண்ணுமே இருக்காதா?" என்று கேட்டாள்.

அந்தக் கடலிலிருந்து பதினைந்து நிமிட நடையில் முப்பது வருடம் வளர்ந்தவள் நான். அதற்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை.

காலையில் பட்டினப்பாக்கம் போனேன். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லூர்து. ஃபைபர் படகு வைத்திருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா பக்கத்தில் கூடையில் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பார்ல எல்லாம் கீதும்மா," என்றார் லூர்து. பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. "நாங்க தூண்டில் போட்டுத் தூக்கிக்கினு வந்துடறோம். உள்ள எப்டி கீதுன்னு எவன் பாத்தான்? இப்ப தண்ணி கொஞ்சம் தெளிஞ்சிகினு வருது. இன்னும் ரெண்டு நாள்ல இட்டுகினு வா டீச்சரம்மாவ."

"பொம்பளைங்கள ஏத்துவியா நீ?" என்றாள் ஸ்டெல்லா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம், "கண்ணாலம் ஆயி இருவது வருசம் ஆவுது. இந்தாளு என்னிய ஒரு தபா போட்ல ஏத்தனதில்ல."

"நீ வந்து இன்னா பண்ணுவ?"

"டீச்சரம்மாவப் புடிச்சிக்குவேன். வயசானவங்க, விழுந்தா?"

லூர்து வலையைப் பார்த்தபடி தலையாட்டினார். அது சம்மதம்தான் என்று ஸ்டெல்லா எனக்குக் கண்ணால் சொன்னாள்.

கச்சேரி ரோட்டுக் கண்ணாடிக் கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, வட்டக் கண்ணாடி ஒட்டி வாங்கினேன். தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால் அலையின் மினுமினுப்பு இல்லாமல் உள்ளே தெரியும். கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார், வாளிக்கு எதற்குக் கண்ணாடி என்று.

ஏழாம் நாள், விடிந்து வெயில் ஏறாத நேரம். அம்மா புடவையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நான் சொன்னதைக் கேட்காமல், மணலில் இறங்கி நடந்தாள். நான்கு பேர் படகைத் தள்ளினார்கள். முதல் அலையைத் தாண்டினோம். இரண்டாவது அலை படகின் மூக்கில் அறைந்து எங்கள் தலைக்குமேல் வந்து விழுந்தது. தண்ணீர் வடிந்தபோது அம்மா முகத்தில் கண்ணாடி இல்லை.

"போச்சா?" என்று தடவிப் பார்த்தாள்.

"திருப்பிடலாமா?" என்று லூர்து இஞ்சின் சத்தத்துக்குமேல் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் கரையும் கடலும் வானமும் அவளுக்கு ஒரே புகை. இவ்வளவு தூரம் வந்து என்ன பார்க்கப் போகிறாள்?

"திருப்பப்டாது," என்றாள் அம்மா. ஸ்டெல்லா அவளைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம். லூர்து கரையில் எதை எதையோ அடையாளம் வைத்துப் படகை நிறுத்தி நங்கூரம் போட்டார். "ஆறு பாகம். கீழ பார் கீது." ஒரு பாகம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். தண்ணீர் பச்சை. நான் இருக்கும் தீவில் அந்த ஆழத்துக்கு மணலில் நண்டு ஓடுவது மேலிருந்தே தெரியும். இங்கே தண்ணீரில் தொங்கவிட்ட என் காலே முட்டிக்குக் கீழே மங்கியது.

அம்மா விளிம்பில் குனிந்து வாளியை அமிழ்த்தி, முகத்தை அதற்குள் வைத்தாள். "பச்சையா வெளிச்சமா இருக்கு. அவ்வளவுதான்," என்று வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

நான் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். காற்று உருளை இல்லை; மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அங்கே ஏதாவது ஒன்றை, ஒரே ஒரு நத்தையை, உயிரோடு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து அந்த வாளிக்குக் கீழே காட்டிவிட வேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை. முதல் தடவை பாதியிலேயே காது வலித்தது. இரண்டாம் தடவை இருட்டாக ஒரு பாறை முதுகும், அதன்மேல் கறுப்பாகச் சில சிறு மீன்களும் தெரிந்தன. மூன்றாம் தடவை பாறையைத் தொட்டேன். விரலில் பாசியும் சிப்பி கீறிய ரத்தமும்தான் வந்தது.

மேலே வந்தபோது ஸ்டெல்லா கத்திக்கொண்டிருந்தாள். "வந்துச்சு, வந்துச்சு. பாத்துட்டாங்க."

அம்மா இன்னும் வாளிக்குள் முகத்தை வைத்திருந்தாள். நான் நீந்திப் போய்ப் படகைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா?"

முகத்தை எடுத்தாள். நெற்றியில் வாளி விளிம்பு அழுத்திய தடம். "ஜெல்லி மீன்டி. கண்ணாடிய ஒட்டிண்டு வந்தது. இத்தனூண்டு தூரத்துல." மூக்குக்கும் கைக்கும் இடையே காட்டினாள். "துடிக்கறது. இருபத்தெட்டு வருஷம் அதோட தசை எப்படி சுருங்கும்னு போர்டுல படம் போட்டிருக்கேன். இப்படி மெதுவா, அவசரமே இல்லாம பண்ணும்னு தெரியாது."

"என்ன கலரும்மா?"

"கலரே இல்லடி. தண்ணிதான், தண்ணியே துடிக்கறாப்ல இருந்தது."

நான் திரும்பித் தண்ணீருக்குள் தலையை விட்டேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். பச்சை. அது போய்விட்டிருந்தது.

படகில் ஏறியபோது வாளி ஸ்டெல்லாவின் கையில் இருந்தது. குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க சொறின்னு சொல்வோம் டீச்சரம்மா. கரைல செத்துக் கெடந்தா மெதிச்சிடாதன்னு புள்ளைங்கள ஏசுவோம். உள்ள இப்டி ராணி மேரி போய்க்கினு கீது." லூர்து புகைத்துக்கொண்டிருந்தார். அவள் அழைத்த பிறகு அவரும் வந்து குனிந்தார்.

திரும்பும்போது அம்மா ஸ்டெல்லாவின் தோளில் சாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத கரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எட்டு வெள்ளிக்கிழமையும் ஒரு கேமராவும் போனது எனக்கு அப்போது வலிக்கவில்லை. அவள் பார்த்த அந்த நேரத்தில் நான் ஆறு பாகத்துக்குக் கீழே பாறையைத் தடவிக்கொண்டிருந்தேன். அதுதான் வலித்தது. அம்மாவின் முகம் அதைப் பார்க்கும்போது எப்படி இருந்தது என்பது ஸ்டெல்லாவுக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவளுக்குப் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, ஒன்பதாம் நாள் கிளம்பினேன். விமானம் கடலுக்குமேல் திரும்பும்போது ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கரையோரம் பழுப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். அந்தப் பச்சையில் எந்த இடம் என்று தெரியவில்லை.

பங்குனியில் அம்மாவின் கடிதம் வந்தது. எழுத்துகள் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. வரிகள் வலப்பக்கம் கீழே சரிந்திருந்தன. லூர்து இரண்டு தடவை கூட்டிப்போனாராம். ஸ்டெல்லாவும் கூட. ஒரு தடவை கூட்டமாகச் சின்ன மீன்கள் வந்தனவாம். ஸ்டெல்லா விற்றுப் பழகிய பெயர்களைச் சொல்ல, அம்மா லத்தீன் பெயர்களைச் சொன்னாளாம். "போன சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் வெறும் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாக இருந்தது. ஓரமெல்லாம் இன்னும் கொஞ்சம் இருட்டிவிட்டது, ஆனால் வாளி வட்டம்தானே, அதற்குப் போதும்" என்று எழுதியிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. முக்குளிக்கும் படகு துறையில் எனக்காகக் காத்திருந்தது. கடல் அடிவரை தெளிந்து கிடந்தது. இன்று வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கடிதத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.